கறவை மாட்டுத் தெரிவும் மலையகத் தொழிலாளரும்: மரபணுத்தொகுதிச் சோதனை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

எந்தப் பசுவை வைத்துக்கொள்வது, எதனை விற்றுவிடுவது, எந்தக் காளையின் வழியில் அடுத்த கன்றைப் பெறுவது என்பன பற்றி மாடு வளர்ப்போர் எடுக்கும் முடிவே 'தெரிவு' எனப்படுகிறது. மனிதன் மாட்டைப் பழக்கிய காலந்தொட்டு நடைபெற்றுவரும் இச்செயல், கடந்த சில தசாப்தங்களில் பெரும் மாற்றத்துக்குட்பட்டுள்ளது. பிறந்த கன்றின் காதிலிருந்து சிறு துண்டுத் தசையையோ சில உரோமங்களையோ எடுத்து, அதன் மரபணுத்தொகுதியை ஆராய்ந்து, அக்கன்று வளர்ந்தபின் எவ்வளவு பால் தரும், எளிதில் சினைப்படுமா, மடிநோய்க்கு ஆளாகுமா என்பனவற்றை ஓரளவு முன்கூட்டியே மதிப்பிடுதல் இன்று சாத்தியமாகியுள்ளது.

இம்மாற்றத்தைப் பற்றிப் பேசுவோரிடையே இருவகை நோக்குகளைக் காணலாம். விஞ்ஞானம் பழைய கண்பார்வை மதிப்பீட்டைத் தேவையற்றதாக்கிவிட்டது என்பது ஒன்று. பரம்பரை அறிவே நமது மண்ணுக்குரியது, ஆய்வுகூடச் சோதனை அந்நியமானது என்பது மற்றையது. முதலாவது நோக்கு தொழில்நுட்பத்தைச் சமுதாயத்துக்கு வெளியே நிற்கும் சக்தியாகக் கருதுகிறது. இரண்டாவது, மரபைக் காலமாற்றத்துக்குட்படாத தூய பொருளாகக் கற்பனை செய்கிறது. இரண்டும் தெரிவு என்பது சமுதாய உறவுகளுக்குள் நடைபெறும் ஓர் உழைப்பு என்பதைக் காணத் தவறுகின்றன. தெரிவின் குறிக்கோளை யார் வகுக்கிறார்கள், அதற்கு வேண்டிய பதிவுகளை யார் வைத்திருக்கிறார்கள், விளையும் பயன் யாரைச் சேருகிறது என்னும் வினாக்களை எழுப்பாமல், புதிய முறையையோ பழைய முறையையோ மதிப்பிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு இலங்கையின் மத்திய மலைநாடு பொருத்தமானதொரு களமாகும். நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, அக்கரபத்தனை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் லயன் காம்பராக்களுக்கு அருகே கொட்டில் அமைத்து ஒன்றிரண்டு கறவைப் பசுக்களை வளர்க்கும் தொழிலாளர் குடும்பங்கள் பலவுள. அப்பகுதியிலேயே அம்பேவெல, போபத்தலாவ, டயகம போன்ற பெரும் பண்ணைகளும் அமைந்துள்ளன. ஒரே குளிர், ஒரே மழை, ஏறத்தாழ ஒரே மண். ஆயினும் பண்ணை மாடும் கொட்டில் மாடும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை.

2

பரம்பரைத் தெரிவு என்று பொதுவாகக் கூறப்படுவதன் உள்ளடக்கத்தை முதலில் நோக்குவோம். தமிழ் இலக்கிய மரபில் மாடு பற்றிய நுண்ணறிவு நீண்ட வரலாறுடையது. கலித்தொகையின் முல்லைப் பகுதி ஏறுகளை நிறத்தாலும் மறுவாலும் வேறுபடுத்திக் காட்டுகிறது. பள்ளு இலக்கியங்கள் நெல்வகைகளைப் போலவே மாட்டு வகைகளையும் வரிசைப்படுத்துவதை ஒரு மரபாகவே கொண்டுள்ளன. இப்பட்டியல்களை வெறும் சொல்லலங்காரமாகக் கருதுதல் தவறு. பண்ணையாளின் வேலையோடு ஒட்டிய அறிவு இலக்கியத்தில் இடம்பெற்ற வடிவமாகவே அவற்றைக் கொள்ளல் வேண்டும். மாடு நிலவுடைமையாளனுக்குரியது. அதன் குணங்களை அறிந்தவனோ பள்ளன். உடைமையும் அறிவும் பிரிந்து நிற்கும் நிலை அன்றே தொடங்கிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட மக்கள் நிலத்தையும் மாட்டையும் விட்டுவந்தனர். ஆனால் மாடு பற்றிய அறிவை விட்டுவரவில்லை. கறந்தபின் மடி சுருங்குகிறதா, பால் நரம்பு தடித்து வளைந்து ஓடுகிறதா, காம்புகள் சமமாக அமைந்துள்ளனவா, தாய்ப்பசு எத்தனை ஈத்து ஈன்றது, ஈன்ற எத்தனையாவது மாதத்தில் மீண்டும் சினைப்பட்டது என்பனவற்றை விசாரித்தே இன்றும் தோட்டங்களில் கிடாரி வாங்குகின்றனர். இவை அனைத்தும் பொருளுடைய கேள்விகள். தாயின் ஈத்து விவரத்தைக் கேட்பவர், பிறப்புரிமையியல் என்ற சொல்லை அறியாதபோதிலும், அதன் அடிப்படைக் கருத்தொன்றைச் செயலில் கொண்டிருக்கிறார்.

அதேவேளையில், இம்மரபில் உள்ள யாவும் அனுபவ அறிவாகா. சுழி பார்த்தல் இதற்கு நல்ல உதாரணமாகும். உடலில் உரோமம் சுழிக்கும் இடத்தைக் கொண்டு பசுவுக்கும் வீட்டுக்கும் நன்மை தீமை கூறும் வழக்கத்துக்கும் பால் உற்பத்திக்கும் தொடர்பில்லை. நல்ல கறவைப் பசுவொன்று தீச்சுழி உடையதெனக் குறைந்த விலைக்கு விற்கப்படுமாயின் இலாபமடைபவர் தரகரே. எனவே, மரபறிவை முழுதாக ஏற்பதும் முழுதாகத் தள்ளுவதும் விஞ்ஞான நோக்காகாது. அனுபவத்திலிருந்து திரண்டதையும் அச்சத்திலிருந்து பிறந்ததையும் வேறுபடுத்தல் வேண்டும்.

இலங்கையின் கால்நடை மரபுவளம் பற்றிய ஆவணங்களில் 'ஹற்றன் மாடு' அல்லது 'கேப் மாடு' என்னும் பெயரில் ஒருவகை குறிப்பிடப்படுகிறது. ஐரோப்பியர் நன்னம்பிக்கைமுனை வழியாகக் கொண்டுவந்த மாடுகளின் வழித்தோன்றல்களாக இவை கருதப்படுகின்றன. மலைநாட்டின் குளிரிலும், கிடைத்த புல்லிலும், தொழிலாளர் கொட்டில்களிலும் பல தலைமுறைகளாகத் தாக்குப்பிடித்த மாடு அது. இதன் உருவாக்கத்தில் பெயரறியப்படாத தொழிலாளரின் தெரிவும் பங்குகொண்டிருத்தல் வேண்டும். இன்று அவ்வகை அருகிவிட்டது.

ஆயினும் தொழிலாளரின் தெரிவுக்கு ஓர் அடிப்படையான எல்லை உண்டு. ஒரு பசு தன் வாழ்நாளில் ஈனும் கன்றுகள் சில. உறைநிலை விந்து மூலம் ஒரு காளைக்கோ பல்லாயிரம் கன்றுகள் பிறக்கலாம். எனவே ஒரு மந்தையின் மரபு மாற்றத்தில் பெரும்பங்கு காளைத் தெரிவினால் நிகழ்வதாகும். ஒன்றிரண்டு பசு வைத்திருக்கும் லயத்துக் குடும்பத்தினால் பொலிகாளை வளர்க்க இயலாது. காளைக்கன்று பிறந்தால் அதனை விற்பதே வழக்கம். ஆகவே தொழிலாளர் பசுவைத் தெரிவு செய்கின்றனர். காளையை வேறு எவரோ தெரிவு செய்கின்றனர்.

3

அந்த 'வேறு எவரோ' யார் என்பதை அறிய, நவீன இனவிருத்தியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காணுதல் அவசியம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லெஸ்ரர்ஷயர்ப் பகுதியில் டிஷ்லி என்ற இடத்தில் பண்ணை நடத்திய றொபேட் பேக்வெல் (1725–1795) இத்துறையின் முன்னோடியாகக் கொள்ளப்படுபவர். நெருங்கிய உறவுள்ள விலங்குகளை இணைத்தும், ஆட்டுக்கடாக்களைப் பருவகாலத்துக்கு வாடகைக்கு விட்டும், அவற்றின் குட்டிகள் பல பண்ணைகளில் எவ்வாறு வளர்கின்றன என்பதை ஒப்பிட்டும் அவர் தெரிவு செய்தார். சந்ததியைக் கொண்டு தந்தையை மதிப்பிடும் முறையின் தொடக்கநிலை இதுவாகும். 1859ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் டார்வின், இயற்கைத் தெரிவை விளக்குவதற்கு முன்பாக மனிதன் வீட்டு விலங்குகளில் செய்யும் தெரிவையே எடுத்துக்கொண்டார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கார்ல் மார்க்ஸ் பேக்வெலைக் குறிப்பிடும் இடம் நமக்கு மேலும் முக்கியமானது. எங்கெல்சின் பதிப்பில் 1885இல் வெளிவந்த 'மூலதனம்' இரண்டாம் பாகத்தில், மூலதனம் ஒரு சுற்றை முடிக்க எடுக்கும் காலத்தைப் பற்றி மார்க்ஸ் ஆராய்கிறார். பயிரும் விலங்கும் வளர்வதற்குரிய இயற்கைக் காலத்தை இயந்திரத்தைப் போல விரைவுபடுத்த முடியாது. இது மூலதனத்துக்குத் தடையாகும். முன்னர் நான்கு, ஐந்து ஆண்டுகள் வளர்த்தபின்னரே இறைச்சிக்கு ஆயத்தமான செம்மறியாட்டைப் பேக்வெலின் முறை ஓராண்டிலேயே கொழுக்கச் செய்தது என்பதை மார்க்ஸ் அங்கு எடுத்துக்காட்டுகிறார். அதாவது, இனவிருத்தியை விலங்கின் உடலில் நிகழும் காலச்சுருக்கமாக அவர் கண்டார். கறவை மாட்டுத் தெரிவின் அண்மைக்கால வரலாற்றை விளங்கிக்கொள்ளவும் இக்கருத்து பெரிதும் உதவுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறை புள்ளிவிவர விஞ்ஞானமாக வளர்ச்சியடைந்தது. அமெரிக்காவின் அயோவாவில் ஜே லஷ் 1937இல் வெளியிட்ட நூல் இனவிருத்தியைக் கணித அடிப்படையில் நிறுத்தியது. பின்னர் சார்ள்ஸ் ஹென்டர்சன் வகுத்த கணிப்புமுறை, வெவ்வேறு பண்ணைகளின் தீவன, பராமரிப்பு வேறுபாடுகளைக் கழித்து விலங்கின் மரபுத் தகுதியைத் தனியே மதிப்பிட வழிசெய்தது. காளை பால் தருவதில்லையாதலால் அதன் தகுதியை அதன் பெண் கன்றுகளைக் கொண்டே அறிய முடியும். காளை பருவமடைந்து, அதன் விந்து பல பண்ணைகளில் பயன்பட்டு, கன்றுகள் பிறந்து வளர்ந்து, அவையும் ஈன்று பால் கறக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். ஒரு காளையின் தகுதி உறுதியாகும்போது அதற்கு ஐந்து, ஆறு வயதாகிவிடும். இதுவே சந்ததிச் சோதனை எனப்படும் முறையாகும். செலவும் காலமும் மிகுந்தது எனினும், கண்ணால் காண்பதைவிட நம்பகமானது.

4

மரபணுத்தொகுதித் தெரிவு இந்தக் காத்திருப்பையே தாக்கியது. 2001இல் மியுவிசென், ஹேய்ஸ், கொடார்ட் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரையொன்று இதன் கோட்பாட்டு அடித்தளத்தை அமைத்தது. பால் அளவு போன்ற ஒரு பண்பைத் தீர்மானிப்பது ஒரே மரபணு அன்று. சிறு சிறு விளைவுடைய எண்ணற்ற மரபணுக்கள் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடுவதற்குப் பதிலாக, மரபணுத்தொகுதி முழுவதும் பரந்துள்ள பல்லாயிரம் அடையாளக்குறிகளை ஒருங்கே வாசித்து, ஒவ்வொரு குறியோடும் எவ்வளவு பால் கூடுகிறது அல்லது குறைகிறது என்பதைப் பெருந்தொகையான மாடுகளின் பதிவுகளிலிருந்து கணிக்கலாம் என்பதே அவர்கள் கருத்தின் சாரம். ஏறத்தாழ 50,000 குறிகளை வாசிக்கும் சில்லுகள் சில ஆண்டுகளில் வணிகரீதியாகக் கிடைத்தன. 2009ஆம் ஆண்டு மாட்டின் மரபணுத்தொகுதி முழுமையாக வெளியிடப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கா ஹொல்ஸ்ரைன், ஜேர்சி இனங்களுக்கு இம்முறையிலான மதிப்பீடுகளை உத்தியோகபூர்வமாக வெளியிடத் தொடங்கியது.

இதன் விளைவு பெரிது. பெற்றோரின் பதிவுகளை மட்டும் கொண்டு ஓர் இளங்காளையைப் பற்றிக் கூறக்கூடியதைவிட ஏறத்தாழ இருமடங்கு நம்பகத்தன்மையோடு, அது பிறந்த சில வாரங்களிலேயே மதிப்பீடு கிடைக்கிறது. சந்ததிச் சோதனையின் உறுதியை இது முற்றாக எட்டாவிடினும், ஐந்தாண்டுக் காத்திருப்பு நீங்கிவிடுகிறது. அமெரிக்க ஹொல்ஸ்ரைன் மந்தையில், காளைகளுக்குத் தந்தையாகும் காளைகளின் தலைமுறை இடைவெளி ஏறத்தாழ ஏழாண்டிலிருந்து இரண்டரை ஆண்டுக்கும் கீழே இறங்கியது. மார்க்ஸ் பேக்வெலின் ஆட்டில் கண்ட காலச்சுருக்கம் இங்கு இன்னொரு படிநிலையை எட்டியுள்ளது. அன்று சுருங்கியது விலங்கு வளரும் காலம். இன்று சுருங்கியிருப்பது தலைமுறைகளுக்கிடையேயான காலம்.

இம்முறையின் உண்மையான சிறப்புகளை ஏற்றுக்கொள்ளுதல் அவசியம். சினைப்படும் திறன், நோயெதிர்ப்பு போன்ற பண்புகளில் மரபின் பங்கு குறைவு. சூழலின் பங்கு மிகுதி. எனவே ஒரு பசுவின் தோற்றத்தையோ ஓரிரு ஈத்துகளையோ கொண்டு இப்பண்புகளை மதிப்பிடுவது கடினம். இங்கேதான் மரபணுச் சோதனை அதிகம் உதவுகிறது. மறைந்துகிடக்கும் கேடுகளையும் அது வெளிப்படுத்துகிறது. 1962இல் அமெரிக்காவில் பிறந்த 'சீஃப்' என்னும் ஹொல்ஸ்ரைன் காளையின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அதற்கு ஏறத்தாழ 16,000 பெண் சந்ததிகள் இருந்தன. அமெரிக்க ஹொல்ஸ்ரைன் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 14 சதவீதம் ஒரு காலத்தில் அதன் வழிவந்ததாகக் கணிக்கப்பட்டது. மிகுந்த பாலைத் தந்த அதே காளை, இரு பெற்றோர்வழியும் வந்தால் கருவைச் சிதைக்கும் மரபணுக்குறை ஒன்றையும் பரப்பியது. உலகளவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் கருச்சிதைவுகள் இதனால் நிகழ்ந்திருக்கலாம் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. மரபணுத்தொகுதி ஆய்வு வந்தபின்னரே, 2011 அளவில், இக்குறை இனங்காணப்பட்டது. பசு ஏன் சினை தங்கவில்லை என்பதை எந்தக் கண்பார்வையும் சந்ததிச் சோதனையும் கூறியிராது.

இவ்வுதாரணத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஒரே காளை உலகெங்கும் பரவியமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. அதிகப் பால் என்ற ஒரே குறிக்கோளைச் சந்தை முன்வைத்தமையே அதன் காரணமாகும். பால் அளவு ஏறியபோது ஹொல்ஸ்ரைன் பசுக்களின் சினைப்படும் திறன் பல தசாப்தங்களாகக் குறைந்துவந்தது. அமெரிக்கா 2003இல்தான் பெண் சந்ததிகளின் சினைப்படும் வீதத்தைத் தனது மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டது. பண்ணையாளரின் கூட்டுறவுகள் வலுவாயிருந்த நோர்வேயிலோ, 1970களிலிருந்தே மடிநோயும் சினைப்படுதலும் தெரிவுக் குறிக்கோளில் இடம்பெற்றன. இரு நாடுகளிலும் விஞ்ஞானம் ஒன்றே. வினாவை விடுத்தவர்கள் வேறு.

5

இப்பொழுது மலைநாட்டுக்குத் திரும்புவோம். மரபணுச் சோதனையின் மதிப்பீடு எதிலிருந்து வருகிறது? அது கன்றின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கும் ஏதோவொரு நிரந்தர உண்மையன்று. ஏற்கெனவே பதிவுசெய்யப்பட்ட மாடுகளோடு இக்கன்றை ஒப்பிடுவதால் வருவது. அப்பதிவு மாடுகளின் திரளை ஆதாரக் குடித்தொகை என்பர். ஆதாரக் குடித்தொகை எந்த இனத்தைச் சேர்ந்தது, எந்தத் தீவனத்தில் வளர்ந்தது, எந்தக் காலநிலையில் கறந்தது என்பனவற்றைப் பொறுத்தே மதிப்பீடு செல்லுபடியாகும். தானியக் கலவையைத் தாராளமாக உண்ணும் பசுக்களின் பதிவிலிருந்து பெறப்பட்ட வரிசை, தேயிலைச் சரிவில் வெட்டிய புல்லை உண்ணும் பசுக்களிடையே அப்படியே நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மரபும் சூழலும் ஒன்றையொன்று பாதிக்கும் இவ்வுண்மையைப் பிறப்புரிமையியல் நீண்டகாலமாகவே அறியும்.

இங்கு ஒரு முரண்பாட்டை அவதானிக்கலாம். லயத்துப் பசுவுக்கு எவரும் மரபணுச் சோதனை செய்ததில்லை. ஆனால் வெளிநாட்டு உறைவிந்தும் சினைக் கிடாரிகளும் வருகின்ற நாடுகளில் இன்று காளைகள் மரபணு மதிப்பீட்டைக் கொண்டே தெரிவு செய்யப்படுகின்றன. எனவே அம்மதிப்பீடு ஏற்கெனவே மலைநாட்டுக் கொட்டிலுக்குள் வந்துவிட்டது. அங்குள்ள பசுவைப் பற்றிய அறிவு மட்டும் திரும்பி அந்த மதிப்பீட்டுக்குள் செல்லவில்லை.

இறக்குமதியின் அனுபவம் இதனைத் தெளிவாக்குகிறது. 2012ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிலிருந்து ஏறத்தாழ 2,000 சினைக் கிடாரிகள் கொண்டுவரப்பட்டு, டயகம, போபத்தலாவ முதலிய அரச பண்ணைகளில் சேர்க்கப்பட்டன. பின்னர் 20,000 மாடுகளை இறக்குமதி செய்து தனிப்பட்ட பண்ணையாளருக்கு வழங்கும் பெருந்திட்டம் வகுக்கப்பட்டு, அதன் முதற்கட்டமாக 2017இலிருந்து ஏறத்தாழ 5,000 மாடுகள் வந்தன. கடன்பட்டு வாங்கியோரிற் பலர் எதிர்பார்த்த பாலைப் பெறவில்லை. மாடுகள் நோயுற்றன, இறந்தன, சினை தங்கவில்லை. திட்டம் தொடரவில்லை. பால் குறைந்தமைக்கு மாட்டின் மரபுக் குறையைக் காரணங்காட்டுவது எளிது. பண்ணையாளரின் அறியாமையைச் சுட்டுவது அதனினும் எளிது. ஆனால் உயர்ந்த மரபுத் தகுதி என்பது உயர்ந்த தேவையும் ஆகும். அதிகம் கறக்கும் பசு அதிகம் உண்ணல் வேண்டும். உண்ணக் கிடைக்காவிடின் தன் உடலைக் கரைத்துப் பால் தரும், பின்னர் சினைப்படாது. சமுதாயச் சூழல் மாறாமல் மரபை மட்டும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடியாது என்பதே இதன் பாடம்.

6

தோட்டத் தொழிலாளரின் சூழல் யாது? நானூறு கிலோ எடையுள்ள பசுவொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நாற்பது கிலோ பச்சைப்புல் வேண்டும். இப்புல் எங்கே விளையும்? நிலம் தோட்டத்துக்குரியது. 1948ஆம், 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் இம்மக்களின் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றவர்களாக்கின. 1972இலும் 1975இலும் நடைபெற்ற நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியதேயன்றி, உழைத்தவருக்கு நிலத்தை வழங்கவில்லை. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் சென்றது. பிற்காலத்துத் தனிவீட்டுத் திட்டங்களில் வழங்கப்பட்ட 7 பேர்ச்சஸ் காணி வீட்டுக்கே போதுமானது. புல் வளர்க்க இடமில்லை. ஆகவே புல், தேயிலை மலையின் ஓரங்களிலும் ஓடைக்கரைகளிலும் தெருவோரங்களிலும் வெட்டப்படுகிறது. மண்வளம் பேணத் தோட்டம் நட்ட கௌதமாலாப் புல் சில இடங்களில் கிடைக்கும். அதனை வெட்டுவது நிர்வாகத்தின் தயவைப் பொறுத்தது. களைநாசினி தெளித்த மலையில் அதுவும் இல்லை. பகல் முழுவதும் கொழுந்து பறித்த பெண்ணே மாலையில் புல்லுக்கட்டையும் சுமக்கிறாள். மாடு வளர்ப்பினால் வரும் வருமானத்தைக் கணக்கிடுவோர் இவ்வுழைப்பைக் கணக்கிடுவதில்லை.

பதிவு பற்றிய நிலையும் கவனத்துக்குரியது. தோட்டத்தில் பதிவுப் பண்பாடு இல்லையென்று கூறவியலாது. ஒவ்வொரு தொழிலாளியும் நாள்தோறும் பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டு எழுதப்படுகிறது. நிறை குறைந்தால் அரைப்பேர் விழுகிறது. செக்ரோல் என்னும் அப்பதிவேடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தவறாது பேணப்பட்டு வந்துள்ளது. அதே தொழிலாளியின் பசு கறந்த பால் சேகரிப்பு நிலையத்தில் அளக்கப்படுகிறது. கொழுப்பும் ஏனைய திண்மப் பொருள்களும் சோதிக்கப்படுகின்றன. ஆனால் அது குடும்பத்தின் மொத்தப் பாலாகவே எழுதப்படுகிறது. எந்தப் பசு, எத்தனையாவது ஈத்து, எந்தக் காளையின் கன்று என்பவை எழுதப்படுவதில்லை. வாங்குபவருக்கு வேண்டிய விவரம் பதிவாகிறது. வளர்ப்பவருக்கு வேண்டிய விவரம் அவர் நினைவிலேயே தங்கி, அவரோடு மறைகிறது.

மலையகத் தொழிலாளருக்குத் தெரிவும் இனவிருத்தியும் புதியனவல்ல. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிவுசெய்து பரப்பிய கன்றுத் தேயிலை வகைகள் பழைய விதைத் தேயிலையைவிட அதிகக் கொழுந்து தந்தன. அது விஞ்ஞானத்தின் சாதனையே. ஆயினும் கொழுந்து பெருகியபோது பறிக்க வேண்டிய நிறையும் உயர்ந்தது. விளைச்சலின் உயர்வு தானாகவே உழைப்பவரின் வாழ்வை உயர்த்துவதில்லை என்பதை ஆய்வுரைகள் கூறுமுன்னரே இம்மக்கள் அறிந்துள்ளனர்.

7

இதற்கு மாற்று உண்டா? உண்டென்பதற்கு நமக்கு அண்மையிலேயே சான்று இருக்கிறது. கேரளத்தின் மூணாறுக்கு அருகே, தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக வாழும் தேயிலை மலைகளின் நடுவே, மாட்டுப்பட்டி என்னுமிடத்தில் 1963இல் இந்திய-சுவிஸ் கூட்டுத்திட்டம் தொடங்கப்பட்டது. சுவிற்சர்லாந்தின் பிறவுண் சுவிஸ் காளைகளை உள்ளூர்ப் பசுக்களோடு இணைத்துக் கலப்பினம் ஒன்றை உருவாக்குவது அதன் நோக்கம். சுனந்தினி என்று பெயர்பெற்ற அவ்வினத்தின் வளர்ச்சியில் இரு அம்சங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, வெளியினத்தின் பங்கு ஓர் அளவோடு நிறுத்தப்பட்டது. இரண்டாவது, கலப்பினக் காளைகளின் தகுதி பெரும் பண்ணைகளில் மட்டும் சோதிக்கப்படவில்லை. ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த சிறு விவசாயிகளின் வீட்டுக்கொட்டில்களில் அவற்றின் பெண் சந்ததிகள் கறந்த பாலை அளந்து சோதிக்கப்பட்டது. ஏழையின் கொட்டிலே ஆய்வுகூடமாயிற்று. அங்கு வென்ற காளையே அடுத்த தலைமுறைக்குத் தந்தையாயிற்று.

மரபணுத்தொகுதித் தெரிவு இவ்வழியை அடைக்கவில்லை, மாறாக எளிதாக்குகிறது. சந்ததிச் சோதனைக்குத் தாய், தந்தை வழியைத் தவறாது எழுதிவைத்தல் இன்றியமையாதது. சிறு வளர்ப்பாளரிடையே இதுவே மிகக் கடினமான பகுதி. மரபணுச் சோதனையோ உறவை மரபணுவிலிருந்தே அறிந்துகொள்ளும். பால் அளவும் ஈத்து விவரமும் ஒழுங்காகப் பதிவானால் போதும். எதியோப்பியாவிலும் தன்சானியாவிலும் 2016 முதல் நடைபெற்ற ஒரு திட்டம், சிறு வளர்ப்பாளரின் கலப்பினப் பசுக்களையே ஆதாரக் குடித்தொகையாகக் கொண்டு, கைத்தொலைபேசி வழியாகப் பதிவுகளைத் திரட்டி, அங்குள்ள நிலைமைகளுக்கேற்ற மதிப்பீடுகளை உருவாக்கியுள்ளது. இந்தியாவிலும் உள்நாட்டு இனங்களுக்கெனத் தனியான சில்லு 2021இல் வெளியிடப்பட்டது.

மலைநாட்டிலும் இது இயலாததன்று. பால் சேகரிப்பு நிலையங்கள் உள்ளன. எழுத்தறிவுள்ள இளந்தலைமுறை உள்ளது. கால்நடை மருத்துவம் கற்பிக்கும் பேராதனைப் பல்கலைக்கழகம் ஹற்றனிலிருந்து தொலைவில் இல்லை. வளர்ப்பாளர் சங்கங்கள் பசுவாரியான பதிவைத் தாமே வைத்திருத்தல், ஹற்றன் மாட்டின் எஞ்சிய வழிகளையும் உள்ளடக்கிய கொட்டில் மாடுகளின் மரபணு விவரத்தைத் திரட்டுதல், அதிகப் பாலோடு ஆண்டுக்கொரு கன்று, புல்லில் தாக்குப்பிடித்தல், நீண்ட கறவை வாழ்வு என்பனவற்றையும் தெரிவுக் குறிக்கோளாக்குதல் என்பன முதற்படிகளாகலாம். நாளொன்றுக்கு முப்பது லீற்றர் கறந்து இரண்டாம் ஈத்தில் சினைப்படாத பசுவைவிட, பத்து லீற்றர் கறந்து ஏழு ஈத்துத் தரும் பசு லயத்துக் குடும்பத்துக்கு மேலானது. இதனைத் தோட்டத்துப் பெண்கள் அறிவர். அவர்களுடைய இவ்வறிவு மதிப்பீட்டுச் சூத்திரத்தில் எண்ணாக இடம்பெறும்போதுதான் மரபறிவும் நவீன விஞ்ஞானமும் இணையும்.

ஆயினும் எந்தச் சோதனையும் புல்லை விளைவிக்காது. நிலம் பற்றிய கேள்வியைத் தவிர்த்து மாட்டின் மரபைச் சீர்படுத்த முனையும் திட்டம், அத்தொழில்நுட்பத்தின் பலனைத் தீவனம் வாங்க வசதியுள்ளோரிடமே கொண்டுசேர்க்கும். எனவே, கன்றின் காதிலிருந்து எடுக்கப்படும் தசைத்துண்டு பற்றிப் பேசுவோர் அக்கன்று மேய வேண்டிய நிலத்தைப் பற்றியும் பேசுதல் வேண்டும். தோட்டங்களில் பயிரிடப்படாதுள்ள நிலத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளருக்குப் புல்நிலமாக உரிமையோடு வழங்குதல், மலையகத்தில் எந்த இனவிருத்தித் திட்டத்துக்கும் முன்நிபந்தனையாகும்.